நிரம்பாத பஸ்

நகரம் தெற்கே நடந்து நடந்து, கால் ஓய்ந்து, ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்ட இடத்துக்கு நாணல்பாக்கம் என்று பெயர். உட்கார்ந்த நகரம் சும்மா இருக்கவில்லை. ஏரியைப் பார்ப்பதற்காக ஓர் அடுக்குமாடியைக் கட்டியது; அது மறைத்துவிட்ட ஏரியைப் பார்ப்பதற்காக அதைவிட உயரமாக இன்னொன்றைக் கட்டியது; அது மறைத்ததைப் பார்க்க மூன்றாவது, மூன்றாவது மறைத்ததைப் பார்க்க நான்காவது என்று கட்டிக்கொண்டே போய், கடைசியில் ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் அடுக்குமாடிகளின் பெயர்ப் பலகைகளைத்தான் பார்க்க வேண்டும் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது: ஏரிமுகம், ஏரித்தென்றல், ஏரிவாசல், ஏரிமகள்.

இத்தனை வீடுகள் வந்தால் இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை ஆஸ்பத்திரிப் படுக்கை, இவ்வளவு அகலத்தில் சாலை என்று விதிகள் இல்லாமலில்லை. அட்டவணை போட்டு, அட்டவணைக்கு அடிக்குறிப்பும் போட்டு, அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையைப் படித்தவர்கள் யாரும் வீடு கட்டவில்லை, வீடு கட்டியவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை, இரு தரப்பாரையும் சந்திக்க வைக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நாணல்பாக்கத்தின் வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி அங்கே வரும் என்றார்கள். ஏரிவாசல்தான் வந்தது.

இத்தனை வீடுகளுக்கும் ஊருக்குள் போய்வர இருந்தது ஒரே ஒரு பஸ், தொண்ணூற்றெட்டு கே. நாணல்பாக்கத்தில் கிளம்பி சைதாப்பேட்டையில் முடியும். அதை ஓட்டியவர் சூசைராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் பாய்மரம் பிடித்த மாதிரி லேசாகச் சாய்ந்து உட்காருவார். கண்டக்டர் ஏகாம்பரம், நாணல்பாக்கத்தில் அடுக்குமாடிகள் வருவதற்கு முன்பே குடிவந்தவர், பின்வாசலுக்குப் பக்கத்திலிருந்த தன் இருக்கையை விட்டு எழுந்திருக்காமலேயே ஒரு பஸ் நிறைய ஜனத்தை நிர்வகிக்கும் கலை அறிந்தவர். செல்போன் பில்டர்களின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது.

ஏரித்தென்றலில் எல்லா வீடுகளிலும் பால் காய்ச்சி முடித்த மறுநாள் காலை, நிறுத்தத்தில் இதுவரை காணாத கூட்டம். ஏற்கனவே ஒருவர் மூக்கு இன்னொருவர் அக்குளில் இருந்த பஸ்ஸில் அத்தனை பேரும் முட்டி ஏற, ஏகாம்பரம் இந்நகரத்தின் எல்லாக் கண்டக்டர்களும் பஸ் என்ற ஒன்று வந்த நாள் முதலாகச் சொல்லி வருவதைச் சொன்னார்: "உள்ள போ, உள்ள போ! உள்ள எவ்ளோ இடம் இருக்குது பாரு!"

இந்த வாக்கியத்தை யாரும் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்த விருந்தாளியிடம் "உட்காருங்க, நிறைய இருக்கு" என்று சொல்வதைப் போல, அது உண்மைக்கும் ஆசீர்வாதத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஒரு சொல். அன்று அது உண்மையாகிவிட்டது. பஸ்ஸின் நடுப்பகுதி, வெகுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவதைப் போல, விரிந்து கொடுத்தது. ஏறியவர்கள் அனைவரும் உள்ளே போனார்கள். உள்ளே இருந்தவர்கள் கைகளைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தார்கள், தொங்கின. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு பெரியவர் மட்டும் செய்தித்தாளைப் பையிலிருந்து எடுத்து முழுசாக விரித்துப் படித்தார், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா பஸ்ஸையும் போலத்தான் இருந்தது, அதே நீளம், அதே அகலம், பின்பக்கம் அதே நசுங்கல். குடத்துக்குள் இருக்கும் ஆகாயமும் குடத்துக்கு வெளியே இருக்கும் ஆகாயமும் ஒன்றே என்று வேதாந்திகள் சொல்வார்கள். அவர்கள் யாரும் தொண்ணூற்றெட்டு கேயில் ஏறியவர்களாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாணல்பாக்கத்தில் வீடுகள் கூடக் கூட, ஏகாம்பரம் "உள்ள போ, இடம் இருக்கு" என்று சொல்லச் சொல்ல, பஸ் உள்ளே வளர்ந்துகொண்டே போனது, ஜனங்கள் அதற்குத் தகுந்தபடி தங்களை மாற்றிக்கொண்டே போனார்கள். இந்நகரத்தில் கண்டக்டர் ஆளிடம் வருவதில்லை, காசுதான் கண்டக்டரிடம் போகும்; முன்னால் நிற்பவள் கொடுத்த நாணயம் பத்துக் கை மாறிப் பின்னால் வரும், டிக்கெட் அதே பத்துக் கை மாறி முன்னால் போகும், வழியில் ஒரு பைசா தொலையாது. இப்போது நாணயம் காலையில் புறப்பட்டு மத்தியானம் வந்தது, டிக்கெட் மத்தியானம் புறப்பட்டுச் சாயங்காலம் சேர்ந்தது, அப்போதும் ஒரு பைசா தொலையவில்லை. ஏகாம்பரத்தின் விசில் சூசைராஜுக்குக் கேட்காமல் போனபோது, நடுவில் நின்ற கல்லூரிப் பையன்கள் ஆளுக்கொரு விசில் வாங்கி வந்து, நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு என்று வாங்கி வாங்கி முன்னுக்கு அனுப்பினார்கள். ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவரும் கண்டக்டரும் சைதாப்பேட்டையில் இறங்கி வெளியே நடந்து வந்துதான் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, மெலிஞ்சிட்டீயளே!" என்பார் சூசைராஜ்.

"காலைலதானேய்யா பார்த்தே?"

"காலைல பார்த்தது கண்ணாடியில. அதுல நீங்க சீமைல நிக்க மாதிரில்லா தெரியுதீக."

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடிந்த பிள்ளைகளுக்காக, பி.எட். படித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண் பஸ்ஸிலேயே வகுப்பு எடுத்தாள். முதலில் இரண்டு சீட்டுக்கு நடுவில் ஒன்றாம் வகுப்பு, பிறகு அதற்குப் பின்னால் இரண்டாம் வகுப்பு. டீ கேன் வைத்திருந்தவர் டீக்கடை வைத்தார். கம்பி வளைந்த இடத்தில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது, அங்கே ஒரு கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை அழைப்பு கிழிந்த சீட்டு வரைக்கும் போய்த் திரும்பியது. ஒரு ரேஷன் கடை வந்தது. வெளியே எட்டு வருடம் கேட்டும் வராத கடை, உள்ளே ஒரே மாதத்தில் வந்தது.

பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும் என்பது ஏகாம்பரத்தின் சட்டம், அதை யாரும் மீறவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் முட்டி, மோதி, காலை மிதித்து, திட்டு வாங்கி, எப்படியோ முன்வாசலைச் சேர்ந்து இறங்கிவிடுவார்கள். இறங்க முடியாமல் போனவர்கள் வேறு வகையினர். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள். அவர்களைப் பார்த்தவுடன் எல்லோரும் ஓரடி விலகி வழிவிட்டார்கள். இடம் கொடுத்தால் அங்கே இன்னும் கொஞ்சம் இடத்தை உண்டாக்கிவிடுவது பஸ்ஸுக்குப் பழகிப்போயிருந்ததால், விட்ட வழி நீண்டது. யாருக்கு வழி விடப்படுகிறதோ அவர்களால் போய்ச் சேர முடியவில்லை. இதை ஜனங்கள் ஒரு குறையாகப் பேசவில்லை. பஸ்ஸில் எல்லா வசதியும்தான் இருக்கிறதே என்றார்கள்.

அனுமதி கொடுக்கிற அலுவலகத்தாரும் அதையே சொன்னார்கள். புதிதாக ஓர் அடுக்குமாடிக்கு மனு வந்தால், போக்குவரத்து உண்டா என்று கேட்பார்கள், உண்டு. நெரிசல் உண்டா, இல்லை. பள்ளிக்கூடம் உண்டா, உண்டு, ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டலாம்.

இப்படி இருக்கையில் ஏகாம்பரத்தின் மகள் மேகலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். புருஷன் மஸ்கட்டில். பக்கத்தில் பிரசவம் பார்க்கும் இடம் என்றால் சைதாப்பேட்டைதான், சைதாப்பேட்டைக்கு வழி என்றால் தொண்ணூற்றெட்டு கேதான், அந்த பஸ்ஸில் கர்ப்பிணி ஏறினால் என்ன ஆகும் என்று ஏகாம்பரத்தைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை. அவருடைய மனைவி கன்னியம்மா தினமும் சோறு போடும்போது கேட்டாள்: "இன்னாங்க, இன்னொரு பஸ் விடச் சொல்லக்கூடாதா? சின்னதா இருந்தாக்கூட போதும். சும்மா மத்த பஸ் மாதிரி."

மத்த பஸ் மாதிரி ஒரு பஸ் வேண்டும் என்று ஏற்கனவே மனு போட்டுக்கொண்டிருந்தவர் ஜைத்தூன் டீச்சர். ஏரிமுகத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவி. பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர், மலைத்தொடர்களை மிரட்டிய குரலில் இப்போது அதிகாரிகளை மிரட்டிவந்தார். அவர் எழுதிய மனுக்களின் பலனாக ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருவதாகக் கடைசியில் பதில் வந்தது. டீச்சர் நேராக ஏகாம்பரத்தின் வீட்டுக்கு வந்தார்.

"கண்டக்டர், அன்னைக்கு ஒரு நாள் நீங்க 'இடம் இல்லை'ன்னு சொல்லணும்."

"என் சர்வீஸ்லயே சொன்னதில்லையே டீச்சர்."

"அதனாலதான் இந்த கதி. நீங்க சொல்றதை அது கேக்குது. இருக்குன்னா இருக்கு. இல்லைன்னு சொல்லிப் பாருங்க, சுருங்கும். அவர் வந்து நசுங்கட்டும். நசுங்கினாத்தான் கையெழுத்துப் போடுவார்."

"யாரையாச்சும் விட்டுட்டுப் போகணுமே."

"அதுக்கு நான் ஆள் ஏற்பாடு பண்றேன். வழியெல்லாம் நம்ம சங்கத்து ஆளுங்க நிப்பாங்க, கை காட்டுவாங்க, நீங்க இல்லைன்னு சொல்லுங்க, ஒண்ணுக்கு ரெண்டா திட்டுவாங்க, தலையைக் குனிஞ்சிக்குங்க." டீச்சர் உள்ளறையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த மேகலாவைப் பார்த்தார். "உங்க பொண்ணுக்காகவாவது."

மேகலா அங்கிருந்தே சிரித்தாள். "நைனா வாயில இல்லைன்னு வராது டீச்சர். எங்க வீட்டுல தீபாவளிக்குத் துணி இல்லைன்னுகூட சொன்னதில்ல, கடை தொறக்கலன்னுதான் சொல்லுவாரு."

ஆய்வு நாள் வந்தது. அதிகாரி பத்மநாபன் நல்ல மனிதர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். முதல் நிறுத்தத்திலேயே சங்கப் பொருளாளர் கை காட்டினார். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு, "இடம் இல்லைங்க" என்றார். பஸ் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு உள்ளே வெகு தூரத்தில் எங்கோ ஒரு சத்தம் கேட்டது, துணி பிழிகிறது போல. இரண்டாவது நிறுத்தத்தில் மறுபடி சொன்னார், பஸ் இன்னும் இறுகியது. மூன்றாவதில் ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே பெஞ்சுக்கு வந்தன, டீக்கடைக்காரர் பாய்லரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார், நெடுநாளாகப் பார்க்காமலிருந்த சூசைராஜின் முதுகு கண்ணுக்குத் தெரிந்தது. பத்மநாபனின் ஒரு கை யாருடைய முதுகிலோ அழுந்திய கோப்பில், மறு கை பேனாவோடு கூரையைப் பார்த்து.

"நியாயமான கோரிக்கைதாம்மா," என்றார் மூச்சு வாங்க. "எழுதிடறேன். கையை மட்டும் கொஞ்சம் இறக்க முடிஞ்சா எழுதிடறேன்."

ஜைத்தூன் டீச்சர் இரண்டு தோள்களுக்கு நடுவிலிருந்து ஏகாம்பரத்தைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். நாணல்பாக்கத்துக்குள் அடுத்த நிறுத்தம்தான் கடைசி. அங்கே சங்கத்து ஆள் கை காட்டுவதற்குள், அவரைத் தள்ளிக்கொண்டு ஏரிமகள் கட்டுமானத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கொத்தனார் ஒருவன், வலது கையைத் துண்டால் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான், துண்டின் நிறம் மாறியிருந்தது. கூடவே ஒரு சித்தாள் பெண், தலையில் சும்மாடு இன்னும் அப்படியே.

"நிறுத்துங்கண்ணே! மிஷின்ல கை போயிடுச்சுண்ணே! கொஞ்சம் எடம் குடுங்கண்ணே!"

ஏகாம்பரம் அந்தத் துண்டைப் பார்த்தார். டீச்சரைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ் இல்லாத ஒரு சாலையில் வாய்க்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

"ஏறு, ஏறு. உள்ள வா. இடம் இருக்குது."

பஸ் விரிந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, முன்பிருந்ததைவிட அதிகமாகவே விரிந்தது. சூசைராஜின் முதுகு சிறுத்து, புள்ளியாகி, மறைந்தது. வகுப்புகள் தத்தம் இடத்துக்குப் போயின. பத்மநாபனின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கண் எட்டும் வரை நீண்ட காலியிடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தம்தான், அதில் பொய் கிடையாது.

"இவ்வளவு இடம் இருக்கேம்மா," என்றார் டீச்சரிடம். "நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

கொத்தனாரின் கையில் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடிந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். காலில் பலமுள்ள சித்தாள் பெண் வழிவிட்டவர்களையெல்லாம் இடித்துத் தள்ளி, கெட்ட வார்த்தையால் திட்டி, யாரையும் வழிவிட விடாமல் அவனை இழுத்துக்கொண்டு போனாளாம்.

டீச்சர் அன்று சாயங்காலம் ஏகாம்பரத்தின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நீங்க அவனை ஏத்தலைன்னா நான் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன் கண்டக்டர். ஏத்தினதுக்கும் மன்னிக்கப் போறதில்லை. என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலை."

உத்தரவு வந்தது. 'மேற்படி வழித்தடத்தில் போதுமான இடம் உள்ளது' என்று முத்திரை வைத்து, சட்டம் போட்டு, பஸ்ஸுக்குள் பிள்ளையாருக்கு எதிரே மாட்டினார்கள். அதை ஆதாரமாகக் காட்டி மேலும் மூன்று அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

கார்த்திகை மழையில் மேகலாவுக்கு வலி கண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர்களிடம் ஓடிப்போய்க் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "நாணல்பாக்கமா? படகு வச்சிக்கிறவன கேளு தலைவா" என்று சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்றெட்டு கே மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. கன்னியம்மா மகளைத் தாங்கி ஏற்றினாள்.

"இங்கயே உங்க பக்கத்துலயே நிக்கிறோம்," என்றாள் புருஷனிடம். "எவ கூப்ட்டாலும் உள்ள போகமாட்டோம்."

ஏகாம்பரம் எழுந்து தன் இருக்கையில் மகளை உட்கார வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது, நனைந்த குடைகளோடு, நனைந்த பைகளோடு, படிக்கட்டில் தொங்கியவர்கள் அவள் மேல் சாய்ந்தார்கள். அதைப் பார்த்த பெண்களுக்குப் பொறுக்கவில்லை.

"மாசமா இருக்கிற பொண்ண வாசப்படியிலயா உக்கார வைப்பீங்க? ஆம்பளைங்களுக்கு என்னா தெரியும்! வாம்மா, இப்படி வா. இங்க ஜன்னலோரம் இருக்குது."

"வேணாங்க, அவ இங்கயே..." என்றார் ஏகாம்பரம்.

"நீங்க டிக்கெட்ட குடுங்க கண்டக்டரே!"

ஒரு கை மேகலாவைத் தாங்கியது, அடுத்த கை வாங்கிக்கொண்டது, ஒருத்தி முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள், இன்னொருத்தி இதைவிட நல்ல இடம் அங்கே இருக்கிறது என்றாள், எல்லோரும் விலகினார்கள், எல்லோரும் வழிவிட்டார்கள், ஒரு குறையும் இல்லாத அன்போடு அவளும் அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு கன்னியம்மாவும் உள்ளே உள்ளே உள்ளே போனார்கள். "நைனா" என்று ஒரு குரல் கேட்டது, பத்துப் பன்னிரண்டு குடைகளுக்கு அப்பாலிருந்து.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சூசைராஜ் வண்டியை நிறுத்தி, முன்வாசலைத் திறந்து வைத்து, கைப் பிரேக்கைப் போட்டார். அண்ணாச்சி மகள் இறங்காமல் வண்டி நகராது என்று பின்னுக்குச் சொல்லி அனுப்பினார். செய்தி பரவியது. உடனே பஸ் முழுக்க, இத்தனை நாளில் எந்த மகாராஜாவுக்கும் கிடைக்காத வழி விடப்பட்டது. வகுப்புகள் எழுந்து நின்று ஒதுங்கின. டீக்கடை ஒதுங்கியது. ரேஷன் வரிசை சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொருவரும் ஓரடி ஒதுங்க ஒதுங்க, மேகலாவுக்கும் வாசலுக்கும் நடுவிலிருந்த தூரம் தெருவாகி, தெருவிலிருந்து சாலையாகி, மழையில் மங்கலாகும் அளவுக்குப் போனது.

ஏகாம்பரம் அப்போதுதான் கத்தினார். "ஒதுங்காதீங்க! இடம் இல்ல! இடமே இல்ல! யாரும் நகராதீங்க, இடம் இல்ல!"

யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய குரல் எட்டும் தூரத்தில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்த பெரியவர் தலையை உயர்த்தி, பதறுகிறவரைத் தேற்றும் தொனியில் சொன்னார்: "அப்படிச் சொல்லாதீங்க கண்டக்டர். கவர்மெண்டே எழுதி மாட்டியிருக்கே. நிறைய இருக்கு."

பஸ் சுருங்கவில்லை. முன்பு அது அவருடைய வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது. இப்போது அதற்கு முத்திரை வைத்த காகிதம் கிடைத்துவிட்டது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன, போலீஸ்காரர் வந்து சூசைராஜின் கதவைத் தட்டினார், பஸ் நகர்ந்தது.

இரண்டு நாள் கழித்து உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் கை மாறி வந்தது. பிள்ளை பிறந்ததற்குக் கன்னியம்மா அனுப்பிய சர்க்கரை. நல்ல செய்தி என்பதால் வழியில் ஆளுக்கொரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள்; ஏகாம்பரத்தின் கைக்கு வந்தது காகிதமும் செய்தியும். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அவர் லீவு போட்டுவிட்டு உள்ளே போனார். ஆனால் அவரைத் தெரியாதவர்கள் அந்த பஸ்ஸில் யார்? "கண்டக்டர் வர்றாரு, வழி விடுங்க" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் விலகினார்கள். இட்லி கொடுத்தார்கள், படுக்கப் பாய் கொடுத்தார்கள், குழந்தை கறுப்புதான், ஆனால் களையாக இருக்கிறான், இதோ அந்தக் கிழிந்த சீட்டைத் தாண்டினால் வந்துவிடும் என்று கை காட்டினார்கள். சித்தாள் பெண் செய்தது அவருக்குத் தெரியும். இடிக்கவும் திட்டவும் முயன்று பார்த்தார். "பாவம், பேரனைப் பார்க்கிற அவசரம்" என்று இன்னும் அதிகமாக ஒதுங்கினார்கள். லீவு தீர்ந்து திரும்பி வந்தார். மஸ்கட்டிலிருந்து வந்த மருமகன் மூவரையும் அழைத்து வருவதற்காக ஏறினான். இன்னும் அழைத்து வந்துகொண்டிருக்கிறான்.

பிள்ளை நடக்கிறான் என்று ஒரு நாள் செய்தி வந்தது. பேசுகிறான் என்று இன்னொரு நாள். பிறகு ஒரு தேர்தல் வந்தது, ஒரு வேட்பாளர் வாக்குக் கொடுத்தார், இந்தக் கதையில் நம்புவதற்குக் கடினமான ஒரே பகுதி இதுதான், அவர் அதை நிறைவேற்றினார். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி, நாணல்பாக்கத்துக்கு இரண்டாவது பஸ் வந்தது. மத்த பஸ் மாதிரி ஒரு பஸ். ஏகாம்பரத்தை அதற்குக் கண்டக்டராகப் போட்டார்கள்.

யாரும் ஏறவில்லை. நின்று பார்த்தார்கள், புதுச் சீட்டைத் தட்டிப் பார்த்தார்கள், "இதுல நாலு பேர் ஏறினா மூச்சு முட்டுமே" என்றார்கள். இதில் பள்ளிக்கூடம் கிடையாது, ரேஷன் கிடையாது, சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஜைத்தூன் டீச்சர் மட்டும் தினமும் ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்து, சைதாப்பேட்டை போய், ஒரு வேலையும் இல்லாமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்.

"எங்க டீச்சர் போறீங்க?" என்றான் புது டிரைவர், சின்ன வயசுக்காரன்.

"எங்கயும் போகலை. நான் கேட்டு வாங்கின பஸ், நானாவது உட்கார்றேன்."

ஏரியின் உபரிநீர்க் கால்வாய்மேல் ஒரு பழைய பாலம் உண்டு. இத்தனை அடுக்குமாடிக்குப் பிறகும் அதை யாரும் அகலப்படுத்தவில்லை; ஒரு வண்டி போகும்போது எதிர் வண்டி காத்திருக்க வேண்டும். அங்கேதான் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே வரும். ஏகாம்பரம் முன்கூட்டியே விசில் கொடுத்துத் தன் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு நிற்பார். தொண்ணூற்றெட்டு கே ஊர்ந்து வரும். வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய நீளம், ஒரு பக்கத்துக்கு ஒரு கை விரல்களைவிடக் கொஞ்சம் கூடுதலான ஜன்னல்கள். ஆனால் ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு முகங்கள். அவர் எல்லா ஜன்னலுக்கும் கை ஆட்டுவார்.

"யாருக்கு சார் டாட்டா காட்றீங்க?" என்று டிரைவர் கேட்டான்.

"எல்லாருக்கும்தான்."

அவருடைய பஸ்ஸைப் பயணிகள் இல்லாத காரணத்தால் நிறுத்தப்போவதாகத் தகவல் வந்திருந்த நாள் அது. அன்றும் இறங்கி நின்றார், அன்றும் கை ஆட்டினார். ஒரு மாணவன், ஒரு கூடைக்காரி, தூங்குகிற ஒருவர். கடைசி ஜன்னலில் ஒரு பெண்ணின் வளையல் போட்ட முழங்கை, அதன்மேல் ஏறி நிற்கும் ஒரு சின்னப் பாதம், கம்பியைப் பிடித்த ஒரு சின்னக் கை. அந்தக் கை கம்பியை விட்டுவிட்டு ஆடியது. பிள்ளைகள் எந்த பஸ்ஸைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும் கை ஆட்டும். முப்பது வருடம் பஸ்ஸில் இருந்தவருக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அவர் கால்கள் ஓடின. பாலம் முடியும் வரை, வேட்டி கட்டியவர் போலக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, மூச்சு முட்டி நின்றார். ஜன்னல் போய்விட்டது.

சூசைராஜ் பக்கவாட்டுக் கண்ணாடியில் இதைப் பார்த்தார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்குப் பின்னால் கார்கள், அதற்கும் பின்னால் ஜல்லி ஏற்றிய வண்டிகள், எல்லாம் ஹாரனை அமுக்கியபடி. அவர் வண்டியை நிறுத்தினார். தலையை வெளியே நீட்டி, "ஏ தண்ணி லாரி, பின்னால போ டே!" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு பிரேக்கை விட்டு, கியரை மாற்றி, ஒட்டுமொத்தச் சாலையும் திட்டத் திட்ட, பஸ்ஸைப் பின்னோக்கி எடுத்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் போனது முதலாவதாக, ஏகாம்பரத்தின் முன்னால் திரும்பி வரத் தொடங்கின.